உயரமானவர்களுக்கு ஏற்ற மடிப்பு சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் உயரம் 188 செ.மீ. மடித்து ரயிலில் எடுத்துச் செல்லக்கூடிய சைக்கிள் ஒன்று வாங்க விரும்புகிறேன். நான் பார்த்த மாடல்கள் பலவற்றின் விவரக்குறிப்பில் ‘190 செ.மீ. உயரம் வரை பொருந்தும்’ என்றே இருக்கிறது. ஆனால் ஏறி ஓட்டிப் பார்த்தால், திரும்பும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. உடலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. குறிப்பில் உள்ள எண்ணை நம்புவதா, என் உடல் சொல்வதை நம்புவதா?

பதில்: உங்கள் உடல் சொல்வதையே நம்புங்கள். விவரக்குறிப்பில் தரப்படும் உயர வரம்பு, சீட் போஸ்டை (சீட்டைத் தாங்கும் கம்பத்தை) அதன் பாதுகாப்பு எல்லை வரை மேலே இழுத்தால் எவ்வளவு நீளமான காலுக்குப் போதும் என்பதையே முதன்மையாகச் சொல்கிறது. காலுக்குப் போதுமான சைக்கிள் கைக்கும் முதுகுக்கும் போதுமானதாக இருக்கும் என்பதற்கு அந்த எண்ணில் எந்த உத்தரவாதமும் இல்லை. சாதாரண சைக்கிள்களில் ஒரே மாடல் நான்கைந்து ஃப்ரேம் அளவுகளில் வரும். அளவு கூடக்கூட ஃப்ரேமின் நீளமும் கூடும். மடிப்பு சைக்கிள்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு ஃப்ரேம் அளவில்தான் செய்யப்படுகின்றன. குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் ஃப்ரேம் ஒன்றே. சீட் மட்டும் ஏறி இறங்கும். உயரமானவர்கள் படும் சிரமங்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆகவே மொத்த உயரத்தை ஒதுக்கிவைத்து, இரண்டு அளவுகளைத் தனித்தனியாகப் பாருங்கள். முதலாவது உள்கால் நீளம். காலணி இல்லாமல் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே மட்டமாக வைத்து, சீட்டில் உட்காரும்போது எவ்வளவு அழுத்தம் உணர்வீர்களோ அவ்வளவுக்கு மேலே அழுத்தி, புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் கைகள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் ஏறக்குறையக் கிடைக்கும். அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பரவலாக்கிய கணக்கு இது. 1967-இல் ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட வேறொரு கணக்கு, கீழே இறங்கிய பெடலிலிருந்து சீட் வரையிலான தூரம் உள்கால் நீளத்தில் 109 சதவீதமாக இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் உள்கால் நீளம் 90 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கின்படி அச்சிலிருந்து சீட் வரை 79.5 செ.மீ. வரும், 17 செ.மீ. நீளமுள்ள பெடல் கையையும் சேர்த்தால் 96.5 செ.மீ. இரண்டாவது கணக்கு 98.1 செ.மீ. என்று சொல்லும். ஒன்றரை செ.மீ. வேறுபாடு பெரிதல்ல; குறைந்த அளவில் தொடங்கி, பெடல் முழுவதும் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கிய நிலையில் நிற்கும் வரை சிறிது சிறிதாக உயர்த்துவதே சரியான வழி. பெடலை மிதிக்கும்போது இடுப்பு இருபக்கமும் ஆடினால் சீட் அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டது என்று பொருள்.

சில நிறுவனங்கள் சீட்டின் அதிகபட்ச உயரத்தைத் தரையிலிருந்து அளந்து குறிப்பிடுகின்றன. மேலே சொன்ன 79.5 செ.மீ., சாய்வாக அமைந்த சீட் குழாயின் (போஸ்ட் நுழையும் ஃப்ரேம் குழாயின்) வழியே போகும் அளவு. அந்தக் குழாய் தரையோடு 72 பாகைக் கோணத்தில் சாய்ந்திருப்பதாகவும், பெடல் அச்சு தரையிலிருந்து 29 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும் கொண்டால், சீட் தரையிலிருந்து ஏறக்குறைய 105 செ.மீ. உயரத்தில் நிற்கும். குறிப்பில் உள்ள அதிகபட்ச உயரம் இதைவிடக் குறைவாக இருந்தால், அந்தச் சைக்கிளை மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை.

இரண்டாவது அளவு, சீட்டின் முனைக்கும் ஹேண்டில்பாரின் நடுப்பகுதிக்கும் இடையிலுள்ள தூரம். விற்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவது அரிது. குறிப்பிலும் பெரும்பாலும் இருக்காது. உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும் சாதாரண சைக்கிள் ஏதேனும் இருந்தால், அதில் இந்தத் தூரத்தை டேப்பால் அளந்து குறித்துக்கொண்டு போய், வாங்கப்போகும் சைக்கிளின் சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றிய பிறகு அதிலும் அளந்து பாருங்கள். இரண்டு மூன்று செ.மீ. குறைந்தால் பழகிவிடும். ஐந்து செ.மீ.க்கு மேல் குறைந்தால், அரை மணி நேரப் பயணத்திலேயே தோளும் மணிக்கட்டும் அதை உணர்த்திவிடும் என்பது என் கருத்து.

ஓட்டிப் பார்க்கும்போது நேர்சாலையில் போய்விட்டுத் திரும்பி வருவது போதாது. மெதுவாக, குறுகிய வட்டமாகத் திரும்பிப் பாருங்கள். திரும்பும் பக்கத்து முழங்கால் மேலே வரும்போது ஹேண்டில்பாருக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். மடிப்பு சைக்கிளில் ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு நீளமானது. சக்கரம் சிறியதாக இருப்பதால் அந்த உயரத்தை எட்ட வேறு வழியில்லை. உயரமானவரின் நீண்ட கைகள் அதை இழுக்கும் விசையும் அதிகம். கீல் இருக்கும் இடத்தில் லொடலொடவென்று ஆட்டம் தெரிந்தால் பூட்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள். சரிசெய்த பிறகும் ஆடினால் அந்தச் சைக்கிள் வேண்டாம்.

மாடல்களைப் பற்றி: பிராம்ப்டன் நிறுவனத்தின் 16 அங்குலச் சக்கர மாடல்களில் ஃப்ரேம் ஒரே அளவுதான் என்றாலும் சீட் போஸ்டில் மூன்று வகைகள் உண்டு. சாதாரண போஸ்ட் ஏறக்குறைய 84 செ.மீ. உள்கால் வரைக்கும், நீட்டிய போஸ்ட் 89 செ.மீ. வரைக்கும் போதும், அதற்கு மேல் உள்ளவர்களுக்கு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரட்டைக் குழாய் போஸ்ட் உண்டு. ஹேண்டில்பாரும் வெவ்வேறு உயரங்களில் கிடைப்பதால், உயரமானவர்கள் வாங்கும்போதே உயர்ந்த வகையையும் ஓட்டிப் பார்த்துத் தேர்வு செய்வது நல்லது. டாஹோன், டெர்ன் நிறுவனங்களின் 20 அங்குலச் சக்கர மாடல்களில் சீட் போஸ்ட் நீளமாகவே வருகிறது. சில டெர்ன் மாடல்களில் ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் நகர்த்த வசதி இருப்பது உங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் பயன்படும். பைக் ஃப்ரைடே என்ற அமெரிக்க நிறுவனம் ஓட்டுபவரின் உடல் அளவுக்கேற்பச் சைக்கிளைச் செய்து தருகிறது. மான்டேக் நிறுவனம், முழு அளவுச் சக்கரத்துடன் பல ஃப்ரேம் அளவுகளில் மடிப்பு சைக்கிள் தயாரிக்கிறது. உடலுக்கு அது நன்றாகப் பொருந்தும், ஆனால் மடித்த பிறகும் பெரிதாகவே இருக்கும். நெரிசலான ரயிலில் ஏற வேண்டிய உங்களுக்கு அது சரிவராது. 20 அங்குலச் சக்கரமும், ஹேண்டில்பாரை முன்னே நகர்த்தும் வசதியும் உள்ள மாடல்களையே முதலில் ஓட்டிப் பாருங்கள் என்பது என் பரிந்துரை.

கேள்வி: எனக்கும் என் அண்ணனுக்கும் ஏறக்குறைய ஒரே உயரம், 185 செ.மீ. அவர் தினமும் ஓட்டும் மடிப்பு சைக்கிளை நான் ஒரு வாரம் வாங்கி ஓட்டினேன். கீழ்முதுகு வலிக்கத் தொடங்கிவிட்டது. சீட்டை எனக்கேற்ப உயர்த்தித்தான் ஓட்டினேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: சீட்டை உயர்த்த வேண்டியிருந்தது என்று நீங்களே எழுதியிருப்பதில் விடையின் பாதி இருக்கிறது. மொத்த உயரம் ஒன்றாக இருந்தாலும் உங்களுக்குக் கால் நீளம். உங்கள் அண்ணனுக்கு உடம்பு நீளம். ஒரே உயரமுள்ள இருவரின் உள்கால் நீளத்தில் நான்கைந்து செ.மீ. வேறுபாடு இருப்பது மிகச் சாதாரணம். நீங்கள் சீட்டை ஐந்து செ.மீ. ஏற்றியிருந்தால், ஹேண்டில்பார் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டதால், சீட்டோடு ஒப்பிட அது ஐந்து செ.மீ. தாழ்ந்திருக்கும். அதைப் பிடிக்க நீங்கள் இடுப்பிலிருந்து கூடுதலாகக் குனிய வேண்டியிருந்திருக்கும். அந்தச் சுமையைக் கீழ்முதுகு தாங்கியிருக்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. சீட் குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், போஸ்டை ஏற்றும்போது சீட் மேலே மட்டும் போவதில்லை, பின்னேயும் போகிறது. 72 பாகைச் சாய்வில் 10 செ.மீ. ஏற்றினால் சீட் 3 செ.மீ. பின்னுக்கு நகரும். நெட்டையானவரின் உடல் எடை இதனால் பின்சக்கரத்தின் மேல் குவிகிறது. மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் இலேசாகித் தடுமாறுவது இதன் விளைவுதான். கால் நீளமாக உள்ளவர்கள் சீட்டை அதன் அடியிலுள்ள கம்பிகளின் மேல் சற்று முன்னுக்குத் தள்ளி வைத்து, ஹேண்டில்பாரை இரண்டு மூன்று செ.மீ. உயர்த்திக்கொண்டால் பெரும்பாலும் நிம்மதி கிடைக்கும். சைக்கிளை ஓட்டாத நாள்களிலும் வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். அதைச் சைக்கிளின் கணக்கில் மட்டும் சேர்த்துவிட வேண்டாம்.

கேள்வி: மடிப்பு சைக்கிளை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். உயரம் 190 செ.மீ. சீட் உயரம் சரியாக இருக்கிறது; ஹேண்டில்பார்தான் மிக அருகில் இருக்கிறது. சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். சரியா?

பதில்: தூரம் கூடும் என்பது உண்மை, ஆனாலும் அதைச் செய்யாதீர்கள். சீட் முன்னே இருக்க வேண்டுமா பின்னே இருக்க வேண்டுமா என்பதை முழங்காலுக்கும் பெடலுக்கும் உள்ள உறவே முடிவு செய்ய வேண்டும். உயர்த்திய போஸ்டினால் உங்கள் சீட் ஏற்கெனவே பின்னே போயிருக்கிறது. இன்னும் தள்ளினால் முன்சக்கரம் மேலும் இலேசாகும். தேவையான தூரத்தை முன்பக்கத்திலிருந்து பெறுவதுதான் முறை.

உங்கள் சைக்கிளின் ஹேண்டில்பார், தண்டின் உச்சியில் தனிக் கவ்வியில் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால், அதை முன்னே தள்ளி வைக்கும் இணைப்புத் துண்டுகள் கிடைக்கின்றன; ஐந்து முதல் பத்து செ.மீ. வரை கூடுதல் தூரம் பெறலாம். தண்டும் ஹேண்டில்பாரும் ஒன்றாகவே செய்யப்பட்ட மாடலாக இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் முன்னோக்கி நீளும் கைப்பிடிக் கொம்புகளைப் பொருத்தி, நீண்ட நேர்சாலைகளில் அவற்றைப் பிடித்துக்கொள்வது ஓரளவு உதவும். அப்போது விரல்கள் பிரேக் பிடியிலிருந்து விலகியிருக்கும் என்பதால் நெரிசலில் அந்தப் பிடி கூடாது.

எந்த மாற்றம் செய்தாலும், முடித்தவுடன் சைக்கிளை மெதுவாக மடித்துப் பாருங்கள். பிரேக், கியர் கேபிள்களின் நீளம் பழைய அமைப்புக்காக வெட்டப்பட்டது. ஹேண்டில்பார் ஐந்து செ.மீ. முன்னே போனபின் தண்டை மடக்கினால், கேபிள் கீலின் அருகே விறைத்து நிற்கலாம். வெளியுறை அதன் முனைத் தொப்பியிலிருந்து கழன்று வெளியே வரலாம். விரித்து ஓட்டும்போது அந்த உறை சரியாக உள்ளே போய் உட்காரவில்லையென்றால், பிரேக் பிடி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். கேபிள் விறைப்பாகத் தெரிந்தால் நீளமான கேபிளாக மாற்றிவிடுங்கள். இழுத்துச் சமாளிக்கும் இடமல்ல இது.

கேள்வி: சீட் போஸ்டில் உள்ள கோட்டுக்கு மேல் ஒன்றிரண்டு செ.மீ. ஏற்றி ஓட்டலாமா? அல்லது நீளமான வேறு போஸ்ட் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: முதல் கேள்விக்கு விடை: கூடவே கூடாது. அந்தக் கோடு, போஸ்ட் ஃப்ரேமுக்குள் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. உள்ளே இருக்கும் பகுதி குறைந்தால், உங்கள் எடை முழுவதும் குழாயின் வாய்ப்பகுதியில் நெம்புகோல் போலச் செயல்பட்டு, போஸ்டையோ ஃப்ரேமையோ விரிசல் விடச் செய்யும். வெளியே நிற்கும் பகுதி 30 செ.மீ.யிலிருந்து 40 செ.மீ. ஆனால், அதே எடையால் கவ்வும் இடத்தில் உண்டாகும் வளைவு விசை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அலுமினியம் களைப்படைந்தால் பெரிய எச்சரிக்கை எதுவும் தராமல் முறியும் என்பதால் இதில் துணிச்சலுக்கு இடமில்லை.

நீளமான போஸ்ட் வாங்கலாம். மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். விட்டம் ஒன்றாக இருக்க வேண்டும்: டாஹோன், டெர்ன் மாடல்கள் பலவற்றில் அது 33.9 மி.மீ., 16 அங்குலப் பிராம்ப்டனில் 31.8 மி.மீ. விட்டம் குறைந்த போஸ்டை உறை போட்டுப் பொருத்துவது மடிப்பு சைக்கிளுக்கு நல்லதல்ல. அடுத்து, மடிக்கும்போது போஸ்ட் முழுவதும் கீழே இறங்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். நீளம் கூடினால் அதன் அடிமுனை முன்கூட்டியே தரையில் முட்டி, சீட் அந்த அளவு மேலே நின்றுவிடும். பிராம்ப்டனில் நீட்டிய போஸ்ட் சாதாரணத்தைவிட 6 செ.மீ. நீளம். மூன்றாவதாக, அது உங்கள் எடைக்கு அனுமதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். டாஹோன், டெர்ன் மாடல்கள் பலவற்றுக்கு 105 கிலோ, 16 அங்குலப் பிராம்ப்டனுக்குச் சாமானையும் சேர்த்து 110 கிலோ என்று வரம்பு உண்டு. உயரமானவர்கள் இந்த வரம்பை எளிதில் நெருங்கிவிடுகிறார்கள்.

போஸ்ட் ஓட்டும்போது மெல்ல இறங்கிவிடுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். எண்ணெயோ கிரீஸோ தடவியிருப்பதே பெரும்பாலும் காரணம். மடிப்பு சைக்கிளின் போஸ்டைத் துடைத்து உலர்ந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். பிறகு கவ்வியின் இறுக்கத்தைக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: உயரமானவர் சிறிய சக்கரம் உள்ள சைக்கிள் ஓட்டினால், அதிகமாக மிதிக்க வேண்டியிருக்குமே?

பதில்: இல்லை. ஒரு மிதிச்சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறோம் என்பதைச் சக்கரமும் பற்சக்கரங்களும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. பெரிய சக்கரச் சைக்கிளில் முன்னே 42 பல், பின்னே 16 பல் இருந்தால், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.7 மீட்டர் போகும். 20 அங்குலச் சைக்கிளில் முன்னே 52, பின்னே 14 வைத்தால் அதே 5.7 மீட்டர்தான். சிறிய சக்கரத்தின் உண்மையான குறை குண்டும் குழியுமான சாலையில் தெரியும்: பெரிய சக்கரம் கடந்துவிடும் பள்ளத்தில் சிறியது இறங்கி ஏறும். சீட் உயரமாக இருக்கும்போது அந்த அதிர்வு இன்னும் கூடுதலாகத் தெரியும் என்பதால், அகலமான டயர் போடக்கூடிய மாடலைத் தேர்ந்தெடுங்கள். டியூப் வாங்கும்போது 20 அங்குலத்தில் 406 மி.மீ., 451 மி.மீ. என்று இரண்டு ரிம் அளவுகள் இருப்பதையும், 16 அங்குலத்தில் 305 மி.மீ., 349 மி.மீ. என்று இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: கேரியரில் பை மாட்டினால் குதிகால் அதில் தட்டுகிறது. என் கால் பெரியது. வேறு சைக்கிள்தான் வாங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. மடிப்பு சைக்கிளில் பெடல் அச்சுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம் குறைவாக இருப்பதே காரணம். பையை முன்பக்கம் மாற்றுங்கள். பல மாடல்களில் ஃப்ரேமின் முன்குழாயிலேயே பை மாட்டும் பிடி பொருத்த இடம் உண்டு. அந்தப் பிடி ஃப்ரேமோடு நிற்பதால் ஹேண்டில்பார் திரும்பும்போது பை திரும்பாது. பின்னே குவிந்திருக்கும் உங்கள் எடைக்கு எதிராக முன்சக்கரத்தில் கொஞ்சம் பாரம் ஏறுவதால், சைக்கிள் முன்பைவிட நிதானமாகவும் ஓடும்.

கேள்வி: நான் 187 செ.மீ., என் மனைவி 158 செ.மீ. ஒரே மடிப்பு சைக்கிளை இருவரும் மாற்றி மாற்றி ஓட்ட முடியுமா?

பதில்: முடியும், ஒரே அளவு ஃப்ரேம் என்பது இந்த ஓர் இடத்தில் நன்மையாகிறது. ஹேண்டில்பார் உயரத்தையும் கருவி இல்லாமல் மாற்றக்கூடிய மாடலை வாங்குங்கள். உங்கள் இருவருக்குமான சீட் உயரங்களைப் போஸ்டில் இரண்டு வண்ண ஒட்டுநாடாக்களால் மெல்லியதாகக் குறித்து வைத்தால், ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்காது. முன்பக்கத் தூரத்தை உங்கள் மனைவிக்கு எட்டும்படி வைக்க வேண்டியிருக்கும் என்பதால், நீண்ட பயணம் அதிகம் போகிறவர் நீங்கள் என்றால் உங்களுக்குத் தனியாக ஒன்று வாங்குவதே நல்லது.

கேள்வி: உயரமானவர் ஒருவர் ஓட்டிய பழைய மடிப்பு சைக்கிள் விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: சீட் போஸ்டை முழுவதுமாக உருவி வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கவ்வி பிடித்திருந்த இடத்தில் நீளவாக்கில் உள்ள கீறல்கள் ஏற்றி இறக்கியதால் வந்தவை, கவலை இல்லை. குறுக்குவாக்கில், மயிரிழை போன்ற கோடு ஏதேனும் தெரிந்தால் அந்தப் போஸ்டை மாற்றியே ஆக வேண்டும். ஃப்ரேமின் குழாய் வாயில், கவ்விக்காக வெட்டியிருக்கும் பிளவின் அடிமுனையைத் துடைத்து விளக்கொளியில் பாருங்கள். அங்கே விரிசல் இருந்தால் சைக்கிளையே விட்டுவிடுங்கள். பிறகு நடுக்கீலைப் பூட்டி, சீட்டையும் ஹேண்டில்பாரையும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பூட்டு இறுகியபின் அசைவு தெரிந்தால், கீலின் ஊசியோ புஷ்ஷோ தேய்ந்திருக்கும். அதை மாற்ற உதிரிபாகம் கிடைக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு விலை பேசுங்கள்.